நேற்றுப் போட்ட பன்

என் மகளுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், வாய்க்கு என்ன பிடிக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மாமி போடுற வாடாம்மா. நேத்து சாயங்காலம் ஒரு தட்டு தின்னேன். இன்னும் ஆசை போகல" என்றாள்.

மாமி என்றால் அவள் மாமியார். நாகப்பட்டினத்துக்காரர். வாடா என்பது அரிசி மாவோடு தேங்காயும் வெங்காயமும் சேர்த்து வட்டமாகத் தட்டி, நடுவில் இறாலை அழுத்தி எண்ணெயில் பொரித்தெடுப்பது. அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் சாயங்காலப் பலகாரம். நான் பெற்ற பெண், நான் ஊட்டி வளர்த்த பெண், மசக்கையில் வேறொருத்தி கைப்பக்குவத்துக்கு ஏங்குகிறாள். வயிற்றெரிச்சல் என்று சும்மா பேச்சுக்குச் சொல்கிறோம் என்று நினைத்திருந்தேன். இல்லை. தொப்புளுக்கு மேலே ஓரிடத்தில் நிஜமாகவே எரியும்.

மகள் ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படித்தவள். வேலை நாகப்பட்டினம் பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில். வீட்டு ஆட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே வைத்தியத்துக்கு வந்த பையனையே கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை கத்தாரில் எஞ்சினியர். அப்போது விடுப்பில் வந்திருந்தார். கல்யாணத்தைப் பதிவு செய்தோம், இரண்டு வீட்டிலும் விருந்து வைத்தோம், விடுப்பு முடிந்து அவர் விமானம் ஏறினார். மகளும் மாமியாரும் ஒரு வீட்டில் தங்கிவிட்டார்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைவதைப் பார்த்த சொந்தக்காரர்கள், மதம்தான் காரணம் என்று அவர்களாகவே முடிவு கட்டினார்கள். மதத்தோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. என் சண்டையெல்லாம் அந்தம்மாவின் கையோடு.

தஞ்சாவூரில் கிடைக்காத வாடாவா என்று கிளம்பினேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கை நிறையச் சம்பளம் வந்த பிறகும் ஹோட்டலுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் எனக்கு வரவில்லை. என் அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர், அறுத்தவர், கதிர் அடித்தவர். டீக்கடை என்றால் அவருக்கு வெளியே நின்று குடித்துவிட்டு, கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருகிற இடம். உள்ளே பெஞ்சு காலியாக இருந்தாலும் வெளியேதான். அதைப் பார்த்து வளர்ந்ததால் எந்தக் கடைக்குப் போனாலும் நான் பார்சல்தான் கேட்பேன். அந்தக் கூச்சத்தை இத்தனை வருஷத்துப் படிப்பும் உத்தியோகமும் போக்கவில்லை. பொறாமை ஒரே வாரத்தில் போக்கிவிட்டது.

பள்ளி விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். கீழவாசலில் ஒரு பிரியாணிக் கடை. உள்ளே போய், ஃபேனுக்கு அடியில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வாடா இருக்கிறதா என்று அதிகாரமாகக் கேட்டேன். கல்லாவில் இருந்தவர், "அது வீட்ல செய்றதும்மா, கடையில ஓடாது" என்று சொல்லி நெஞ்செலும்பு சூப்பைக் கொண்டுவந்து வைத்தார். மிளகு மூக்கில் ஏறியது. அடுத்த நாள் மராத்தி பேசுகிற ஒரு அம்மா வீட்டு முன்கூடத்தில் நடத்தும் மெஸ். அங்கே புளிக்குப் பதிலாகக் கோகம் போட்ட சாம்பார் கிடைத்தது. மூடிக்கிடக்கும் பழைய ரைஸ் மில்லுக்கு எதிரில், கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரர்களுக்காக ஒரு கொட்டகையில் சப்பாத்தி சுடுகிறார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அந்த மில்லில் ஒரு காலத்தில் என் சித்தி நெல் அவித்தவள். இன்று அதே வாசலில் வேறு பாஷையில் வியர்க்கிறார்கள். அவர்கள் கொடுத்த பச்சை மிளகாய் ஊறுகாயை நக்கிவிட்டுக் கண்ணீரோடு வண்டியை எடுத்தேன். வாடா மட்டும் எங்கேயும் இல்லை.

வாடா இல்லாவிட்டால் போகிறது, வேறு எதையாவது அனுப்பி மகளின் நாக்கைத் திருப்பிவிடலாம் என்று தோன்றியது. எங்கள் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர். தஞ்சாவூர், நாகப்பட்டினம் ரூட்டில்தான் பாதி நாள் ஓட்டுகிறார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிஃபன் பாக்ஸுக்கு எப்போதும் இடம் உண்டு. திருவையாற்று அசோகா அல்வா போயிற்று. கும்பகோணத்துக் கடப்பா, இட்லியோடு போயிற்று. பாகில் ஊறிய சந்திரகலா போயிற்று. எல்லாம் அலைந்து அலைந்து நானே தின்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவை.

மகள் போன் செய்தாள். "அம்மா, அந்த அல்வா மாமிக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. முக்காவாசி அவங்கதான் சாப்பிட்டாங்க."

அதோடு விட்டதா? ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர்கள் வீட்டிலும் அதே வழக்கம். பாக்ஸ் திரும்பி வரும்போது அதில் தம்ரூட் இருந்தது. ரவையும் முட்டையும் பாலும் நெய்யும் கலந்து, மேலே பொன்னிறமாக வரும்வரை சுட்டெடுக்கிற இனிப்பு. ஒரு விள்ளல் வாயில் போட்டேன். கெட்டுப்போயிருக்க வேண்டும், கருகியிருக்க வேண்டும், உப்பாவது கரித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்படி ஒன்றுமில்லை. அமிர்தமாக இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் பெட்டியைத் துடைத்துத் தின்றுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், கணக்கு உதைக்குதா?" என்றார்.

அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சாப்பாடு ரசம் மட்டும்தான்.

ஏழாம் மாதம் பிறந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஊரறிந்த சங்கதி. வளையல் போட்டு அழைத்துவரலாம் என்று நாள் பார்த்து வைத்திருந்தேன். மகளின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாயிற்று. அப்போதுதான் அவள் போனில் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, கோவப்படாதே. பிரசவத்த இங்கயே வச்சுக்கலாம்னு இருக்கேன். டாக்டர் இங்க பழக்கம். லீவும் கொஞ்சம் மிச்சமாகும். மாமியும் கூட இருக்காங்க."

முதல் இரண்டு காரணமும் என் காதில் ஏறவே இல்லை. மூன்றாவதுதான் ஏறியது. அந்தம்மா என் மகளின் நாக்கை எடுத்துக்கொண்டார், இப்போது பேரக்குழந்தையின் முதல் அழுகையையும் எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து அழுதேன். அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் ஓட்டிய பஸ்ஸிலேயே ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, நேரில் கேட்டுவிடுவது என்று நாகப்பட்டினம் போனேன். வழி நெடுக இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து வயல் பச்சென்று இருந்தது. எதுவும் மனதில் ஒட்டவில்லை.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். சம்பந்திதான் வாசலுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம். கணவர் இறந்த பிறகு ஜவுளிக் கடையை அவரே பார்த்துக்கொள்கிறார். நான் பேச்சை எடுப்பதற்குள், "மவ வர சாயங்காலம் ஆயிடும் சம்பந்தி. வாங்க, எங்க ஊரக் காட்டுறேன். எனக்கும் ரெண்டு மூணு கடையில வேலை இருக்கு" என்று ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார்.

நாகப்பட்டினம் ஒரு காலத்தில் ரயில் பட்டறையும் இரும்பு ஆலையும் மலேயாவுக்குக் கப்பலும் இருந்த ஊர். இப்போது பட்டறையும் இல்லை, ஆலையும் இல்லை, அந்தக் கப்பலும் இல்லை. ஆனால் அவற்றுக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்ட கடைகள் மட்டும் அடுத்தடுத்துக் கை மாறி நிற்கின்றன. பட்டறை ஆட்களுக்காக ஆரம்பித்தது என்று சொல்லும் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீனவப் பெண் ஒருவர் திருக்கைப் புட்டு செய்து வைத்திருந்தார். பினாங்கிலிருந்து திரும்பிய குடும்பம் நடத்தும் கடையில், தேங்காய்ப்பால் மணக்கும் ஏதோ ஒரு நூடுல்ஸ். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வாங்கும் ஒரு பேக்கரியில், அப்போதுதான் அடுப்பிலிருந்து இழுத்த பிளம் கேக். ஒவ்வொன்றும் ருசியாக இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு எரிச்சல் கூடியது. எங்கள் ஊரில் இல்லாத இத்தனையும் இங்கே இருந்தால், தட்டு நிறைய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் ஏன் வீட்டுக்கு வருவாள்?

அதைவிட மோசம், கடைக்காரர்கள். சம்பந்தியைப் பார்த்தால் எல்லாரும் எழுந்துகொள்கிறார்கள். என்னை அறிமுகப்படுத்தியதும், "டாக்டரம்மாவோட அம்மாவா?" என்று முகம் மலர்கிறார்கள். அந்த ஊரில் எனக்கு அதுதான் பெயர். புரோட்டாக் கடைக்காரர் ஒருவர் கல்லைச் சுரண்டிக்கொண்டே, "டாக்டரம்மாவுக்கு ஓரம் முறுகலா இருக்கணும், நடுவுல மெத்துனு இருக்கணும். எனக்குத் தெரியும்" என்றார். எனக்குத் தெரியும் என்கிறார்! அவளுக்கு முதல் பல் முளைத்தபோது தோசையின் ஓரத்தைப் பிய்த்துக் கொடுத்துப் பழக்கியவள் இங்கே குத்துக்கல் மாதிரி நிற்கிறேன். அந்த ஆள் எனக்குப் பாடம் நடத்துகிறார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. எந்த பேக்கரிக்குப் போனாலும் சம்பந்தி ஒரே ஒரு சாதா பன் வாங்கினார். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். முகர்ந்தார். பையில் போட்டுக்கொண்டார். கேக்கு, பஃப்ஸ், பிஸ்கட் எதையும் சீந்தவில்லை. கடைசியாகக் கடலுக்குப் போகும் சாலையில் ஒரு சின்ன பேக்கரி. அங்கேயும் பன்தான். வாங்கிய பிறகு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார். டீ வந்தது.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா மனசுக்குள்ள வச்சுக்கிட்டுத் திரியிறேன்."

"கேளுங்க."

"அமுக்கு பன்னுன்னா என்னங்க?"

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"வெள்ளிக்கிழமையானா பொலம்புறா. எங்கம்மா ஸ்கூல் விட்டு வந்து அமுக்கு பன்னு போட்டுக் குடுக்கும், அதுமாதிரி இருக்கணும் மாமிங்கிறா. இந்த ஊர்ல ஒரு பேக்கரிய நான் விடல. நெய்யில வாட்டிப் பாத்தேன், வெண்ணெயில வாட்டிப் பாத்தேன், பாதாம் அரைச்சுத் தடவிக்கூடப் பாத்தேன். திங்கிறா. தின்னுட்டு, நல்லாத்தான் இருக்கு மாமி, ஆனா இது அது இல்லங்கிறா." அவர் பன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "நான் அல்லும் பகலும் பாத்துப் பாத்துச் செய்றேன். கடைசியில அவளுக்கு உங்க பன்னுதான் வேணும். பொறாமையா இருக்கு சம்பந்தி. மறைக்க மாட்டேன்."

எனக்கு அந்த பெஞ்சின் மேல் ஏறி நின்று ஆட வேண்டும்போல் இருந்தது. இத்தனை மாதம் எரிந்த இடத்தில் யாரோ மோர் ஊற்றியதுபோல் குளிர்ந்தது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. கணக்கு டீச்சர் இல்லையா, உடனே வேறொரு கணக்கு மனதில் ஓடியது.

"சொல்லித் தரேன். ஆனா பிரசவம் எங்க வீட்ல" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது அவ முடிவுல்ல? நாம என்ன பண்ண முடியும்?"

"நீங்க சொன்னா கேப்பா. நான் சொன்னாத்தான் கேக்க மாட்டா."

சொல்லும்போதே வலித்தது. பேரம் பேச வந்த இடத்தில் என் வாயாலேயே அந்த உண்மையைச் சொல்லும்படி ஆகிவிட்டது. சம்பந்தி டீயைக் குடித்து முடித்தார்.

"சொல்றேன். ஆனா நானும் கூட வருவேன். கொழந்த பொறந்து நாப்பது நாள் வரைக்கும் இருப்பேன். சம்மதமா?"

வேறு வழி? தலையை ஆட்டினேன். அதன் பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அமுக்கு பன்னின் ரகசியம் பெருமைப்படும்படியான ரகசியம் இல்லை. அது முந்தின நாள் பன். எங்கள் தெரு முனையில் ஒரு கேரளாக்காரர் பேக்கரி. முதல்நாள் மிச்சமான பன்னைத் தனிக் கவரில் கட்டி ஓரமாக வைத்து, விலை குறைத்துக் கொடுப்பார். வெள்ளிக்கிழமை களைத்துப்போய் வரும்போது அதைத்தான் வாங்கி வருவேன். பன்னை இரண்டாகப் பிளந்து, தோசைக்கல்லில் நெய் விட்டுச் சர்க்கரை தூவி, அதன் மேல் பன்னை வைத்து டம்ளர் அடியால் அமுக்க வேண்டும். சர்க்கரை உருகிக் கருகத் தொடங்கும்போது திருப்ப வேண்டும். அவ்வளவுதான். அதைப் போய் இந்தக் கடைவீதியே எழுந்து நிற்கும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

சொன்னேன். அவர் முகம் மாறியது.

"பழசா? வாயும் வயிறுமா இருக்குற புள்ளைக்கா?"

"பழசுதாங்க" என்றேன். கோபம் வந்துவிட்டது. "அடுப்புலேருந்து எடுத்த பன்ன அமுக்கிப் பாருங்க, களி மாதிரி ஆயிடும். ஒரு நாள் ஆறிக் காஞ்ச பன்னுதான் அமுக்குனா தாங்கும். அதான் உங்களுக்கு வரல. நீங்க வாங்குறதெல்லாம் புதுசு."

சம்பந்தி பையைத் திறந்து, அன்று வாங்கிய பன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையிலிருந்த ஒரே சீட்டையும் போட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் பேச்சுத் தவறவில்லை. வளையல் போட்டு இருவரையும் அழைத்து வந்தேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். முதல் அழுகையை நாங்கள் இரண்டு பேரும் ஒரே கதவுக்கு வெளியே நின்று கேட்டோம். அதில் யாருக்குப் பங்கு அதிகம் என்று சண்டை போட முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பத்தியச் சாப்பாடு. நான் பூண்டுக் குழம்பு வைப்பேன், அவர் பால்சுறாவில் புட்டு செய்வார். மகள் இரண்டையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டாள். அதில் எனக்கு ஒரு நிம்மதி. அது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உடைந்தது.

"மாமி, இன்னைக்கு அமுக்கு பன் போட்டுத் தர்றீங்களா? நாகப்பட்டினத்துல கடைசியாப் போட்டீங்களே, அதே மாதிரி."

மாமி என்றாள். நான் கட்டில் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் பன். என் டம்ளர். என் வெள்ளிக்கிழமை. நானே விற்றுவிட்டு நிற்கிறேன். சம்பந்தியின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால், பன் வாங்க நான்தான் போக வேண்டியிருந்தது.

பேக்கரிக்காரர் என்னைக் கண்டதும் வழக்கம்போல் ஓரத்துக் கவரை எடுத்தார். பக்கத்தில் தட்டு நிறையப் புதுப் பன்கள். அப்போதுதான் வந்தவை, மேலே பளபளவென்று இருந்தன. நான் ஒரு நிமிஷம் நின்றேன். என்ன யோசித்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். புதுசை வாங்கிப் போனால் களியாகும். மகள் ஒரு வாய் கடித்துவிட்டு, இது அது இல்லை மாமி என்பாள்.

"அது வேண்டாம். புதுசு குடுங்க" என்றேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைச் சமையல் மேடையில் வைத்தேன். சம்பந்தி குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்தார். பிரித்தார். ஒரு பன்னை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் உள்ளே இறங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பன்களைத் தட்டில் பரப்பி, மெல்லிய துணி ஒன்றைப் போட்டு மூடி, மேல் அலமாரியில் வைத்தார்.

"நாளைக்குப் போட்டுக்கலாம் சம்பந்தி. நாளைக்கு இதுவே சரியாயிடும்" என்றார்.

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மகளிடம், கடையில் பன் தீர்ந்துபோயிற்று என்று அவரே சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

மறுநாள் சாயங்காலம் கல்லைக் காயவைத்து, நெய்யும் சர்க்கரையும் போட்டு, டம்ளரை என்னிடம் நீட்டினார். நான் அமுக்கினேன். சர்க்கரை கருகும் வாசனை வந்ததும் திருப்பினேன். தட்டில் வைத்ததும் அவர் உள்ளே எடுத்துக்கொண்டு போனார். நான் கதவோரம் நின்றேன். மகளுக்கு நான் நிற்பது தெரியாது. ஒரு வாய் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாமி," என்றாள், "அப்படியே எங்கம்மா போட்ட மாதிரியே இருக்கு."

சம்பந்தி திரும்பி, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். அவர் கை தானாகவே வயிற்றில், தொப்புளுக்குச் சற்று மேலே போய் நின்றது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.